ஆடி முடியும்வரை யாரும் சாகக்கூடாது

ஜூலை 14, திங்கள்

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை சட்னி அரைக்கும்போது மிக்ஸி பிளக்கில் சின்னதாக ஒரு பொறி பறந்தது. நான் நைட்டியோடு தெருவுக்கு ஓடிவந்து "கரண்ட்டு! கரண்ட்டு!" என்று கத்தினேன். எதிரே டீக்கடை வைத்திருக்கும் சுடலைக்கண்ணு அண்ணாச்சி டீ ஆற்றுவதை விட்டுவிட்டு வந்தார். சுவிட்சை அணைத்தார், பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "இம்புட்டுதான் டீச்சர்" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பேப்பர்கள் குலுங்கின.

நான் டீச்சர் இல்லை. சேலை, கண்ணாடி, தோளில் பை மூன்றும் இருந்தால் ஆவரைவிளையில் டீச்சர்தான். என் வேலை, ஊர்க்காரர்களைச் சேர்த்து அவர்களே முதலாளியாக இருக்கும் மின்சாரச் சங்கங்களை உண்டாக்குவது. சில ஊரில் சூரியத் தகடு, சில ஊரில் சாண எரிவாயு, இங்கே ஒரு காற்றாலை, ஊர்ப்பேச்சில் காத்தாடி. "மின்சாரம் உங்கள் சொத்து" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. ஆனால் எனக்கு ஃப்யூஸ் போடத் தெரியாது. பல்பு மாற்ற ஆள் கூப்பிடுவேன். ஆட்களை இணைக்கத் தெரியும், கம்பிகளை இணைக்கத் தெரியாது. இது எங்கள் அறக்கட்டளையில் யாருக்கும் தெரியாது. இன்றுமுதல் ஆவரைவிளைக்குத் தெரியும்.

ராதாபுரம் பக்கம் எங்கே திரும்பினாலும் கம்பெனிக் காத்தாடிகள்தான். அவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் இந்த ஊருடையது. முழுதாக இன்னும் ஊருடையது ஆகவில்லை, எங்கள் அறக்கட்டளையின் பெயரில்தான் இருக்கிறது. இந்த ஆடி முடிந்ததும் சங்கத்தின் பெயருக்கு மாற்றி எழுதவேண்டும். காற்றடிக்கும் மாதங்களில் ஊரே அதை ஒழுங்காக ஓட்டிக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. இல்லையென்றால் ஒரு கம்பெனிக்குக் குத்தகை.

ஒழுங்காகத்தான் ஓடுகிறது. போன மாதம் அரைநாள் நின்றதைத் தவிர.

ஜூலை 18, வெள்ளி

இன்று மறுபடி நின்றது. நல்ல ஆடிக்காற்று. குடையை விரித்தால் குடை முந்திக்கொண்டு போகிறது. கொடியில் போட்ட என் உள்பாவாடை அண்ணாச்சி கடை போர்டில் போய் மாட்டிக்கொண்டது (அதைப் பற்றி மேற்கொண்டு எழுதப்போவதில்லை). இப்படிப்பட்ட காற்றில் எங்கள் காத்தாடி மட்டும் மூன்று கையையும் விரித்துக்கொண்டு சும்மா நிற்கிறது.

ஓடினேன். காத்தாடியை ஓட்டுகிற ஜெயராணி கட்டுப்பாட்டு அறைப் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிக்குது? ரிப்பேரா?"

"இல்லக்கா. துட்டி வீடுல்லா."

மாவு மில் வீட்டு ஆச்சி காலையில் இறந்துபோனாள். எனக்கும் தெரியும். அதற்கும் இதற்கும் என்ன?

"மாவு மில்லு நிறுத்தியாச்சு, கடை அடைச்சாச்சு, மைக் செட்டு நிறுத்தியாச்சு. காத்தாடி மட்டும் எப்படிக்கா ஓடும்? அங்கன பொம்பளைய மாரடிச்சு அழுதாவ. மேல இது கிர்ருன்னு சுத்துனா பாக்க நல்லாவா இருக்கு?"

"பக்கத்துல அத்தனை காத்தாடியும் சுத்துதே!"

"அது கம்பெனிக்காரனோடது. அவனுக்கு யாரு செத்தா என்ன? இது நம்மோடதுன்னு நீங்கதானக்கா சொன்னிய."

கீரையில் பாதியை எனக்குக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். போன மாதம் நின்றதும் ஒரு துட்டிக்குத்தானாம். பெல்ட் தேய்மானம் என்று அறிக்கை எழுதி அனுப்பியிருக்கிறேன். காத்தாடியில் பெல்ட் என்று ஒன்று உண்டா என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஜூலை 21, திங்கள்

எங்கள் அறக்கட்டளை இயக்குநர் சந்தானகோபாலன் சார் சென்னையிலிருந்து போன் செய்தார். நல்ல மனிதர். கோபம் வந்தால் குரல் இன்னும் மரியாதையாகிவிடும்.

"அம்மா, காத்தாடியில பெல்ட் கிடையாதும்மா."

உண்மையைச் சொன்னேன்.

"காத்து அடிக்கிற சீசன்ல மிஷினை நிறுத்துற ஊருக்கு எதுக்கும்மா மிஷின்? நிர்வாகக் குழுவில எல்லாரும் கம்பெனி பக்கம் சாயறாங்க. ஆடி முடியறதுக்குள்ள அவங்களா இன்னொரு தடவை நிறுத்தினா என்னால தடுக்க முடியாது. லைன்ல கோளாறுன்னா அது வேற. அதை அவங்க கணக்குல சேர்க்கமாட்டோம்."

சங்கத் தலைவரும் சுடலைக்கண்ணு அண்ணாச்சிதான். சங்க அலுவலகமும் அவர் டீக்கடையின் பின்கட்டுதான். சுவரில் காத்தாடியின் படத்தைத் தன் மாமனார் படத்தைவிடப் பெரிதாக மாட்டியதற்காக அவர் மனைவி அவரோடு பேசுவதில்லை. தேவையானதை மருமகளிடம் சொல்லி அனுப்புகிறாள். அந்தப் பின்கட்டில் உறுப்பினர்களைக் கூட்டிவைத்து, துட்டிக்காகக் காத்தாடியை நிறுத்துவதில்லை என்று தீர்மானம் போடச் சொன்னேன்.

"தீர்மானம் என்ன டீச்சர், இப்பமே போட்டுருவோம்" என்றார் அண்ணாச்சி. "செத்த வீட்டு வாசல்ல போயி அதை வாசிக்கது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த மாமனாரைப் பார்த்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

யோசித்ததில் ஒரே வழிதான் தெரிகிறது. ஆடி முடியும்வரை இந்த ஊரில் யாரும் சாகக்கூடாது.

எழுதிப் பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற வழி எல்லாவற்றையும் யோசித்தாயிற்று.

ஜூலை 24, வியாழன்

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸை அழைத்துவந்து முதியோர் நல முகாம் நடத்தினேன். பிரஷர் பார்த்தோம், சர்க்கரை பார்த்தோம். ஊர்ப் பெண்கள் என்னை மெச்சுகிறார்கள். "பெத்த பிள்ளைய கூட இப்படி பாக்காது டீச்சர்" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன், கொசுறாக.

பலனைச் சொன்னால்: ஊர் திடமாக இருக்கிறது, ஒருவரைத் தவிர. ஆவுடையப்பன் பாட்டையா. காத்தாடிக்கு நேர் கீழே அவர் வீடு. பிள்ளைகள் மும்பையில். தனியாள், பக்கத்து வீட்டு ஜெயராணி சோறு கொடுக்கிறாள். இதயம் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறதாம். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாராம்.

ஊரில் சங்கத்தில் சேராத ஒரே ஆளும் அவர்தான். முதல் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது செருப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவர். எறியவில்லை, வைத்தார். எறிந்திருந்தால் மறந்திருப்பேன்.

ஆக, இனிமேல் நான் பார்த்துக்கொள்ளவேண்டிய ஆள் அவர்.

ஜூலை 25, வெள்ளி

ஓர்லிக்ஸ் கொண்டுபோனேன். "எவடி நீ?" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 30, புதன்

ஐந்தாறு நாளாகப் போய்வருகிறேன். கடமை. பாட்டையா கட்டிலில் வடக்குப் பார்த்து ஒருக்களித்துக் கிடப்பார். அந்தப் பக்கம் படுத்தால்தான் மூச்சு இழுக்காது. கஞ்சியில் உப்பு கூடாது என்று நர்ஸ் சொன்னதை நான் சொன்னேன். "உப்பில்லாம குடிக்கதுக்கு நான் என்ன மாடா?" என்றார்.

ஒன்று கண்டுபிடித்தேன். கண் தெரியாததால் பேப்பர் வாசிக்க ஆள் கிடைத்தால் எதையும் குடித்துவிடுகிறார். ஒரு டம்ளருக்கு ஒரு பக்கம். அரசியல் வேண்டாம், சினிமா வேண்டாம். திருட்டு, விபத்து, பிறகு "நாளைய மின்தடை".

"அது எதுக்கு பாட்டையா?"

"கரண்ட்டு இல்லன்னா ஒங்க பேயி சுத்தாதுல்லா. மத்த நாளெல்லாம் என் மண்டைக்கு மேல வூம் வூம்னு. ஆறு வருசமா அந்த ஒருநாளுதான் நான் ஒறங்குதேன்."

துணைமின்நிலையத்தில் பராமரிப்பு என்றால் காத்தாடியும் ஓடாது என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. இதைத் தெரிந்ததுபோலத் தலையாட்டினேன். அவருக்குத் தெரியாது, கண்தான் தெரியாதே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மாவு மில் வீட்டில் துட்டி என்பதால் இந்தத் தெருவில் பலகாரம் இல்லை. நான் மட்டும் கொஞ்சம் தேங்காய்ச் சாதம் கிளறிக் கொண்டுபோனேன். உப்பில்லாமல். அவர் ஒரு வாய் வாங்கிவிட்டு, "ஏட்டி, ஆடி எப்பம் முடியுது?" என்று கேட்டார்.

"ஏன் பாட்டையா?"

"ஓர்லிக்ஸ் எப்பம் நிக்கும்னு பாத்தேன்."

தலைக்குள் கிர்ரென்றது. ஊருக்கே தெரிந்திருக்கிறது. என்னை மெச்சிய பெண்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கண் துடைத்தவளுக்கும்.

"கூச்சப்படாத. ஆவணி ஒண்ணாந்தேதி செத்தா ஒனக்குத் தோதா இருக்குமாட்டி?"

"ஆவணி பூரா கல்யாண வீடு பாட்டையா. பந்தல், நாற்காலி ஒண்ணும் கிடைக்காது. புரட்டாசி பாருங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, நான் முதுகைத் தடவிக்கொண்டே ஆண்டவரை எல்லாம் கூப்பிட்டேன். ஆடியை நினைத்துத்தான் கூப்பிட்டேன்.

அடங்கியதும் கேட்டார்: "நான் செத்தா நிறுத்துவியளா?"

"மாட்டோம். நீங்க மெம்பரே இல்லையே."

"அதும் சரிதான்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அது தெற்கு. மூச்சு இழுக்கும் பக்கம். திருப்பிப் படுக்க வைக்கலாமா என்று நின்றேன், தூங்கிவிட்டார்போல என்று வந்துவிட்டேன்.

எனக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. உப்பில்லாத சாதம் யாருக்கு இறங்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

முதலூர் வரை பஸ்ஸில் போய் மஸ்கோத் அல்வா வாங்கிவந்தேன். பல் இல்லாதவருக்கு அதுதான் தோது. சர்க்கரை ஏறுமே என்று ஜெயராணி கேட்டாள். ஒரு துண்டுதானே என்றேன். மூன்று துண்டு சாப்பிட்டார். வேலை விஷயமாகப் போனேன் என்று பயணப்படி எழுதியிருக்கிறேன். வேலை விஷயம்தானே.

ஒன்றைக் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு ஏன் செருப்பை மேஜை மேல வெச்சீங்க?"

"கால்ல குத்திச்சு. முள்ளு எடுக்கக் கழத்துனேன். எல்லாரும் என்னையவே பாத்தாவளா, அப்படியே கோவமா போற மாதிரி போயிட்டேன். பொறவு வந்து கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. நல்ல செருப்பு."

ஆறு வருஷமாக இந்தச் செருப்பைப் பற்றி நான் பயிற்சி வகுப்புகளில் பேசிவருகிறேன். "எதிர்ப்பை எதிர்கொள்வது எப்படி" என்ற தலைப்பில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாட்டையாவுக்குக் காய்ச்சல். டாக்டர் வந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். ஆடி முடிய இன்னும்...

எண்ண உட்கார்ந்தேன். எண்ணவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நினைவு இல்லை. பேப்பரைப் பிரிக்கவே இல்லை, யாருக்கு வாசிப்பது. கட்டிலுக்கு அடியில் மடித்தபடி வைத்தேன். வடக்குப் பார்த்துப் படுக்க வைத்தேன்.

மேலே வூம் வூம் என்று சத்தம். ஆறு வருஷமாக இந்த ஊருக்கு வந்துபோகிறேன், அந்தச் சத்தம் இவ்வளவு இருக்கும் என்று நினைத்ததில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

விடியும்போது போய்விட்டார். ஜெயராணிதான் வந்து சொன்னாள்.

போகும்போது கடைகளெல்லாம் அடைத்திருந்தன. பந்தல் போட்டிருந்தார்கள். மும்பையிலிருந்து மூத்தவன் விமானத்தில் வருகிறான், வந்துசேரச் சாயங்காலமாகும். ஐஸ் பெட்டிக்கு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் விசிறியோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு விசிறியை வாங்கி விசிறினேன். யாருக்கு விசிறினேன் என்று தெரியவில்லை, பெட்டிக்குள்தான் குளிருமே.

பத்து மணி சுமாருக்கு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். கடையின் பின்கட்டில் முக்கியமானவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"சொல்லுங்க டீச்சர். என்ன செய்யணும்?"

"நீங்கதானே முடிவு பண்ணணும்."

"நிறுத்துனா காத்தாடி கம்பெனிக்குப் போயிரும். அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அவரு மெம்பரு இல்ல" என்றார் ஒருவர்.

"பேயின்னு ஏசுனவரு" என்றார் இன்னொருவர்.

"ஏசுனா? எங்க அய்யாவும்தான் என்னைய ஏசுனாரு. அவரு செத்தன்னைக்கு நான் கடைய தெறந்தா வெச்சிருந்தேன்?" என்றார் அண்ணாச்சி. "ஆனா நிறுத்துன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. பிள்ளைய காலத்துக்கும் இருக்கவேண்டியதுல்லா."

எல்லாரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். முன்பக்கம் கடை அடைத்திருந்ததால் பாய்லர்கூடச் சத்தம் போடவில்லை. நான் சம்பளம் வாங்குவது இந்த நிமிஷத்துக்காகத்தான். நிறுத்தாதீர்கள், பிள்ளைகளை நினையுங்கள், கம்பெனிக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லவேண்டும். சொல்லத் தயாராகத்தான் எழுந்தேன். எழுந்தவள் வெளியே வந்து, தெருவைத் தாண்டி, காத்தாடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பின்னால் எல்லாரும் வருகிற சத்தம்.

புழுதி கண்ணில் அடிக்கிற காற்று. ஆனாலும் இறக்கை மெதுவாகத்தான் அசைந்தது. தூரத்தில் கம்பெனிக் காத்தாடிகள்கூட ஏனோ சோம்பலாக நின்றன. "பாத்தியளா, பாட்டையாவுக்கு அதுவளே தெரிஞ்சு நிக்குது" என்று யாரோ சொன்னார்கள். எனக்குச் சிலிர்த்தது.

கட்டுப்பாட்டு அறைக்குள் ஒரு பெட்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. ஜெயராணி ஓடிவந்தாள்.

"அக்கா, ஒரு நிமிசம், ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்லாத ஜெயராணி. நிறுத்துனது நீ இல்ல, அண்ணாச்சி இல்ல, ஊர் இல்ல. நான். அறக்கட்டளையில அப்படியே எழுதிக்கட்டும்."

"இல்லக்கா, அது வந்து..."

"வாய மூடு."

வாழ்க்கையில் நான் தொட்ட முதல் பெரிய சுவிட்சு. மிக்ஸி ஞாபகம் வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பெரிய பொத்தானாகத் தடவிப் பார்த்து ஒரே அழுத்தாக அழுத்தினேன். பீப் சத்தம் நின்றது. அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. வாசலில் நின்ற அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

வெளியே வந்து பார்த்தபோது இறக்கை இன்னும் லேசாக அசைந்துகொண்டுதான் இருந்தது. பெரிய எந்திரம், நிற்க நேரமாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் எடுத்தார்கள். மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் நிறுத்துனியளாமே" என்று அழுதான். அவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது காத்தாடி பழையபடி சுற்றத் தொடங்கியிருந்தது. ஜெயராணி ஓட்டியிருப்பாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாருக்கு எல்லாவற்றையும் எழுதி, கூடவே ராஜினாமாவும் அனுப்பிவிட்டேன். பாட்டையா வீட்டு வாசலைக் கடக்கும்போது கையில் பேப்பர் இருந்தது. பழக்கம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. நேற்றும் இன்றும் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அண்ணாச்சி கடையில் டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். சொத்தே போனாலும் பரவாயில்லை என்று, மெம்பரே இல்லாத கிழவருக்காகக் காத்தாடியை நிறுத்திய ஊர் என்று பேச்சு. அண்ணாச்சியின் மனைவி அவரோடு நேரடியாகப் பேசினாள். "சீனி தீந்துபோச்சு" என்றாள். ஆனாலும் பேச்சுதானே.

மத்தியானம் சந்தானகோபாலன் சாரின் போன். குரல் மரியாதையாக இல்லை. அதாவது கோபம் இல்லை.

"தங்கபுஷ்பம், உங்க லெட்டரை நிர்வாகக் குழுவுக்குக் காட்டலை. காட்டினா சிரிப்பாங்க. பதிமூணாம் தேதி காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அங்க சப்ஸ்டேஷனே ஆஃப். மாதாந்திரப் பராமரிப்பு. லைன் இல்லாம நின்னா அவங்க கணக்குல வராது. இல்லாத கரண்ட்டை நீங்க எப்படிம்மா நிறுத்தினீங்க? கைமாத்துற பேப்பர் வெள்ளிக்கிழமை வருது. ஊருக்கே எழுதியாச்சு. ராஜினாமாவை அழிச்சுட்டேன்."

போனை வைத்துவிட்டுப் பாட்டையா வீட்டுக்குப் போனேன். மகன் பூட்டவில்லை. கட்டிலுக்கு அடியில் நான் மடித்து வைத்த பேப்பர் அப்படியே இருந்தது. "நாளைய மின்தடை", ஆவரைவிளை, முதல் வரியிலேயே. நின்றபடியே சத்தமாக ஒருமுறை வாசித்தேன். வீட்டில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வாசித்தேன்.

திரும்பி வரும்போது ஜெயராணி படியில் உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியும்தானே?"

"சொல்லத்தானக்கா வந்தேன். நீங்கதான் வாய மூடுன்னிய."

"ஊர்ல யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லமாட்டேன். அண்ணாச்சி பாவம்."

நானும் உட்கார்ந்து ஒரு கொத்து எடுத்து உருவினேன். எப்படியிருந்தாலும் நிறுத்தியது நிறுத்தியதுதான், கரண்ட் இருந்திருந்தாலும் அதே பொத்தானைத்தானே அழுத்தியிருப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி?"

"அது நிறுத்துற பட்டன் இல்லக்கா. லைன் போச்சுன்னா அந்தப் பெட்டி பீப் பீப்புன்னு கத்தும்லா, அந்தச் சத்தத்தை அமத்துற பட்டன்."